பஸ் நிலையச் சுவரில் தவமணி

தலை முழுகுவது என்றால் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நல்லம்மாவின் கதையைக் கேட்டால் பாதியில் எழுந்து என்னோடு சண்டைக்கு வருவீர்கள். மலைநாட்டுத் தோட்டங்களில், சொந்தத்தில் ஒரு சாவுச் செய்தி வந்தால் கேட்டவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். அது துக்கத்துத் தண்ணீர். பெற்ற பிள்ளை சொல் கேளாமல் யாரோடாவது போய்விட்டால், ‘எங்களுக்கு நீ செத்துப் போனாய்’ என்று ஊரறியச் சொல்வதற்கும் அதே மாதிரிதான் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். அது கோபத்துத் தண்ணீர். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு முருகையா ஊற்றிக்கொண்டது கோபத்துத் தண்ணீர். மடுல்சீமைக்கு அப்பால், பஸ் போகிற வழியும் முடிந்து நடக்க வேண்டிய ஒரு தோட்டம் அது. முருகையா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கழுத்தோடு சீவுகிற கத்தியைப் போலவே பேச்சும். அவருக்கும் நல்லம்மாவுக்கும் வெகுகாலம் பிள்ளையில்லை. கதிர்காமம் வரைக்கும் நடந்து, மண் சோறு தின்று, நேராத சாமியில்லை என்று நேர்ந்து பெற்ற ஒரே மகள் தவமணி. அவள் இருபது வயதில், சம்பளத் தினத்துக்குத் துணி மூட்டையோடு லயத்து வரிசை வீடுகளுக்கு வருகிற ஹுமைத்தோடு போய்விட்டாள்.

ஹுமைத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. அளந்து கொடுத்த துணியில் ஒரு விரற்கடை குறைந்ததில்லை, குனிந்த தலை நிமிராமல் பேசுகிற பையன். ஆனால் அதையெல்லாம் அன்றைக்கு யார் கேட்டார்கள்? வேற்று மதத்துக்காரன், சம்பளத் தினத்துக்கு வந்துபோகிற வியாபாரி, அவனோடு போய்விட்டாள் என்று லயம் முழுக்கக் கொதித்தது. முருகையா தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு பீலிக்கரைக்குப் போனார். மலையிலிருந்து விழுகிற அந்தக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே ஒவ்வொருவராக நின்று முழுகினார்கள். படியேறி வந்தால் கவ்வாத்துக் கத்திதான் பேசும் என்று அங்கேயே நின்று சத்தம் போட்டார். மகள் பெயரை அதற்குப் பிறகு அவர் வாயால் சொல்லவேயில்லை.

நல்லம்மா மட்டும் முழுகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. முருகையா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் தலைக்கு மேலே பிடித்தார். அவள் அழவுமில்லை, விலகவுமில்லை.

“எம்புள்ள உசுரோட இருக்கு. உசுரோட இருக்கிறதுக்கு நான் முழுக மாட்டேன்” என்றாள்.

அவ்வளவு சத்தம் போட்ட மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசவில்லை. சோறு போடுவாள், தின்பார், தட்டைத் தள்ளுவார். நல்லம்மா முழுகவில்லை என்ற சேதி மட்டும் எப்படியோ வாய்க்கு வாயாகப் போய்த் தவமணியிடம் சேர்ந்தது. தவமணி சொல்லி அனுப்பியதெல்லாம் முருகையாவின் வாசலோடு நின்றது.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் நல்லம்மா வீட்டை வந்து பார்த்ததில்லை. இங்கே இரண்டு மனமும் ஒன்றையொன்று தேடித்தான் தவித்தன. நடுவில் ஒரு கத்தி நின்றது, அவ்வளவுதான்.

நல்லம்மாவுக்குப் பெரிய வேதனை வேறொன்று. மகளின் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இருந்த ஒன்றை முருகையா அடுப்பில் போட்டுவிட்டார். வருஷம் போகப் போக முகம் அவளிடமிருந்து நழுவத் தொடங்கியது. கொழுந்து எடுத்துக்கொண்டே நினைத்துப் பார்ப்பாள். கண் ஞாபகம் வரும், நெற்றி வராது. சிரிப்பு வரும், அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் கன்னத்தில் இருந்த மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. பக்கத்து நிரையில் எடுக்கிறவளிடம் கேட்கவும் வெட்கம். பெற்றவளே மறந்துவிட்டாள் என்று சொல்லமாட்டார்களா?

மாதம் ஒரு தடவை பிரஷர் கிளினிக்குக்காகப் பதுளைக்குப் போவாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகமாட்டாள். அங்கே நிற்கிற, நடக்கிற ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பாள். பிறகுதான் போவாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பதுளையில் ஒரு புகைப்படத் திருவிழா வைத்தார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்த காலம், ஆட்களுக்கு இப்படியெல்லாம் செய்து பார்க்கத் தைரியம் வந்திருந்தது. மண்டபத்துக்குள் மாட்டி, சப்பாத்துப் போட்டவர்கள் மட்டும் வந்து பார்த்துத் தலையாட்டுகிற கண்காட்சி இல்லை இது. ஊர் முழுக்கப் படம். ரயில் நிலையத்தில், மரக்கறிச் சந்தையில், தபால் கந்தோர் மதிலில், பஸ் நிலையத்தில் எல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலே துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல படங்கள்தான். கொழுந்துக்காரி கூடையோடு சிரிக்கிற படமும் இருந்தது. அது இல்லாமல் இந்த மலையில் எவனாவது கமராவை மூடியிருக்கிறானா?

படம் பிடித்தவர்களில் ஒருவன் கீர்த்திகன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட ஒரு வாத்தியாரின் மகன். அவன் படங்கள் எல்லாம் ரயிலில் தூங்குகிறவர்களின் முகங்கள், கறுப்பு வெள்ளையில். பஸ் நிலையத்தில், மடுல்சீமை பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்த சுவரில் அவனுடைய இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று ஒரு கிழவர். மற்றது ஒரு பெண்.

நல்லம்மா அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்தாள். பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இறங்க வந்தவர்கள் ஏசினார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

எதிர்ச் சுவரில் தவமணி இருந்தாள். கண் மூடியிருந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டிருந்தாள், முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மச்சம் இடப்பக்கம். நெற்றி, மூக்கு, கழுத்து, நழுவிப்போன எல்லாம் திரும்பி வந்து சுவர் நிறைய இருந்தது. கீழே இங்கிலீசில் என்னமோ எழுதி ஒரு தேதி போட்டிருந்தது.

நகரத்துக்காரருக்கு அது படம். தோட்டத்துக்காரிக்கு அப்படியில்லை. பஸ் நிலையச் சுவரில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகமும் கீழே ஒரு தேதியும் இருந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், மரண அறிவித்தல். போதாக்குறைக்குப் பக்கத்தில் தொங்கிய கிழவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

இருந்தாலும் நல்லம்மா கேட்டுப் பார்த்தாள். அந்தச் சுவரோரம் வெற்றிலை விற்கிறவளிடம் போய், இது என்ன தங்கச்சி, இதிலே இருக்கிற ஆட்கள் யார் என்று கேட்டாள். என்னமோ கண்காட்சி என்று சொல்கிறார்கள், தனக்கு என்ன தெரியும் என்றாள் வெற்றிலைக்காரி. அந்தக் கிழவர் செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறதாம், பிள்ளைகள் வந்து பார்த்து அழுதுவிட்டு மாலை போட்டுப் போனார்களாம். அவள் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. படம் பிடித்ததற்குப் பிறகு அந்தக் கிழவர் செத்துப்போனது உண்மைதான்.

“அப்ப இந்தப் புள்ள?” என்றாள் நல்லம்மா.

“அது யாரு பெத்ததோ அக்கா. இதுக்குத்தான் இன்னும் யாரும் வரல.”

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சொல்லலாம். பெற்ற மகள் கண்மூடிக் கிடக்க, யாரும் வரவில்லை என்று காதில் விழுந்த பிறகு எந்தத் தாய் நின்று விசாரிப்பாள்? அனாதைப் பிணம் மாதிரி கிடக்கிறாளே என்ற ஒன்றுதான் அவள் நெஞ்சில் இடித்தது. கோயிலடிக்கு ஓடி ஒரு மாலையும் கற்பூரமும் குங்குமமும் வாங்கி வந்தாள். படம் உயரத்தில் இருந்தது. வெற்றிலைக்காரியின் பெட்டி மேல் ஏறி மாலையைப் போட்டு, எட்டிய மட்டும் கையை நீட்டி நெற்றியில் பொட்டு வைத்தாள். கீழே இறங்கிக் கற்பூரம் கொளுத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

“கொழுந்துக் கூடையில தூங்கின கண்ணே, இப்புடி
கொண்டாந்து செவுத்துல தூங்கப் போட்டது யாரடியம்மா…”

சனம் கூடியது. அந்தச் சுவருக்குக் காவலாகத் திருவிழாக்காரர்கள் ஒரு சிங்களப் பெரியவரைப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர், தடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவளுடைய பாட்டில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் நல்லம்மா பஸ் நிலையத்துக் குழாயடிக்குப் போனாள். அங்கே கிடந்த வாளியை நிரப்பினாள், முடியை அவிழ்த்தாள், தலையோடு ஊற்றிக்கொண்டாள். புருஷன் தலைக்கு மேலே பிடித்தும் வாங்கிக்கொள்ளாத தண்ணீரை அன்றைக்குத் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டாள்.

ஈரத்தோடு லயத்துக்கு வந்தவளை முருகையா வாசலில் பார்த்தார். என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். நான் அன்றைக்கே முழுகிவிட்டேன் என்று அவர் சொல்வார் என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். அவர் நேரே பீலிக்கரைக்குப் போனார். நெடுநேரமாகியும் வராததால் தம்பிக்காரன் போய்ப் பார்த்தபோது, தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி என்று முடிவானது. கருமாதிக்குப் படம் வைத்துக் கும்பிட வேண்டுமே! வீட்டில் ஏது படம்? அந்தச் சுவர்ப் படத்தைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்று நல்லம்மா மறுபடியும் பதுளைக்குப் போனாள். அது திருவிழாவின் கடைசி நாள். கீர்த்திகன் ஏணி வைத்துப் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். தவமணியின் படத்தில் மாலை இல்லை. நெற்றிப் பொட்டை யாரோ துடைத்த மாதிரி சிவப்பாக இழுபட்டிருந்தது.

தம்பி, இது என் மகள், செத்துப்போன பிள்ளையின் கருமாதிக்கு இந்தப் படத்தைக் கொடுங்கள் என்று நல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கீர்த்திகன் ஏணியிலிருந்து இறங்கினான்.

“ஆர் செத்தது? தவமணியோ? அவ சாகேல்லை அம்மா. போன கிழமை இஞ்ச வந்தவ. நீங்க நிக்கிற இந்த இடத்திலதான் நிண்டவ.”

நல்லம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரயிலில் அவளைப் படம் பிடித்ததும் கண் விழித்து ஏசினாளாம். ஊருக்குள் மாட்டப்போகிற படம் என்று இவன் சொன்னதும் யோசித்துவிட்டு, அப்படியென்றால் பதுளை பஸ் நிலையத்தில், மடுல்சீமை பஸ்ஸுக்கு எதிரே போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அம்மா கிளினிக்குக்கு வருவாங்க, பார்ப்பாங்க, நான் உயிரோடு நன்றாக இருக்கிறேன் என்று அவங்களுக்குத் தெரிந்தால் போதும் என்றாளாம். அம்மா பார்த்தாளா என்று அறியத்தான் அவள் திருவிழாவுக்கு வந்தது. வந்து பார்த்தால் தன் படத்துக்கு மாலை, தன் நெற்றியில் பொட்டு, கீழே எரிந்த கற்பூரம்.

காவல்காரப் பெரியவரிடம்தான் சிங்களத்தில் கேட்டிருக்கிறாள். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். மடுல்சீமை பஸ்ஸில் ஓர் அம்மா வந்தார், மாலை போட்டார், கற்பூரம் கொளுத்தினார், அந்தக் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். அழுததைச் சொன்னாரா, சொல்லியும் அவள் காதில் ஏறவில்லையா, தெரியாது. வெற்றிலைக்காரி அன்றைக்குக் கடை போடவில்லை.

“படத்தையே பாத்துக்கொண்டு நிண்டவ அம்மா” என்றான் கீர்த்திகன். “பிறகு, ‘அப்பா முழுகுனாரு, அம்மா முழுகலன்னு நம்பித்தான் இத்தன வருஷம் இருந்தேன். இப்ப அம்மாவும் முழுகிட்டாங்களே’ எண்டு சொன்னவ. எனக்கு அது விளங்கேல்லை. அந்தப் பொட்டைத் தன்ர முந்தானையால துடைச்சுப்போட்டு, மாலையைக் கழட்டிக் கையில கொண்டு போனவ.”

மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தை ஒரு மூச்சு அளவுக்குக்கூட நல்லம்மாவால் அனுபவிக்க முடியவில்லை. கோபத்துக்கு ஒரு நாளும் முழுகாத அம்மா துக்கத்துக்கு முழுகியதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளை போய்விட்டாள். எங்கே இருக்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று அவனைப் போட்டு உலுக்கினாள். ஹல்துமுல்லைப் பக்கம் என்று ஒரு தடவை சொன்னாள், அதற்கு மேல் தெரியாது என்றான்.

மறுநாளே நல்லம்மாவும் முருகையாவும் ஹல்துமுல்லைக்குப் போனார்கள். பெரிய படத்தைக் கீர்த்திகன் மடித்துக் கொடுத்திருந்தான். ரோட்டோரக் கடைகளிலெல்லாம் முருகையா அதை விரித்துக் காட்டினார். கடைக்காரர்கள் பாவம் பார்த்து, எப்போது காலமானார் என்று கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் முருகையா, இல்லைங்க, உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு தையல்காரர் அடையாளம் கண்டார். துணி வியாபாரி ஹுமைத்தின் மனைவிதான், தங்கமான பிள்ளை, இந்தப் பக்கத்திலேயே இருந்தால் அம்மா ஒரு நாள் வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கும். போன கிழமை வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சின்னக் குழந்தையுமாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இனி இங்கே யாருக்காக இருப்பது என்று மட்டும் அந்தப் பிள்ளை சொன்னது.

குழந்தை என்றதும் முருகையா அந்தக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பதுளையில் மறுபடியும் படத் திருவிழா என்று பேச்சு வந்தது. கீர்த்திகன் தேடிக்கொண்டு லயத்துக்கே வந்தான். அந்தச் சம்பவம் அவனையும் தூங்க விடவில்லை போலிருக்கிறது. அம்மா, உங்களைப் படம் எடுத்து அதே சுவரில் போடுகிறேன், எங்கிருந்தாவது அவ வந்து பார்த்தால் விளங்கிக்கொள்வா என்றான்.

நல்லம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் விளங்கிக்கொள்கிற மாதிரி எப்படி உட்காருவது? முதலில் முடியை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டாள். காய்ந்த முடி படத்தில் தெரிய வேண்டும், அம்மா முழுகவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும் என்றாள். முருகையா பார்த்துவிட்டு, முடியை விரித்துப் போட்டால் இழவு வீடு என்று நினைப்பாள் என்றார். சரியென்று முடிந்துகொண்டாள். பிறகு உள்ளே போய் மகளின் படத்தைக் கொண்டுவந்து மடியில் விரித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கீர்த்திகன் கமராவை உயர்த்திவிட்டு இறக்கினான். பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாரை அவன் இந்த நாட்டில் நிறையப் பார்த்திருந்தான். அந்தப் பிள்ளைகள் யாரும் வீடு திரும்பியதில்லை. அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் அம்மா என்று மட்டும் சொன்னான்.

நல்லம்மா படத்தை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி அசைத்தாள். வாசலில் விளையாடுகிற தவமணியைச் சோற்றுக்கு அப்படித்தான் கூப்பிடுவாள். “வாடியம்மா, வா” என்றாள். கீர்த்திகன் அழுத்தினான்.

திருவிழாவில் அந்தப் படம் அதே சுவரில் தொங்கியது. முதல் நாளே நல்லம்மா புருஷனோடு வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் இருண்டுவிட்டது. நேரில் அசைந்த கை படத்தில் அசையவில்லை. நீட்டியபடி அப்படியே நின்றது.

“கூப்புடுற மாதிரியா இருக்கு?” என்று வெற்றிலைக்காரியிடம் கேட்டாள். “போன்னு வெரட்டுற மாதிரில்ல இருக்கு.”

இல்லை அக்கா, கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். நல்லம்மா நம்பவில்லை. படத்தைக் கழற்றச் சொல்லவும் மனமில்லை. முகத்தையாவது பார்க்கட்டுமே. அதனால் படத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். ஹல்துமுல்லை ரோட்டில், பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து ஆட்கள் இறங்கும்போதெல்லாம் கையை நீட்டி, வாம்மா, வாம்மா என்று அசைத்தாள். படத்துக்குத்தான் வாயில்லை, எனக்கு இருக்கிறதே என்றாள். பஸ்ஸை மறிக்கிறாள் என்று நினைத்து ஒரு கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டான். நான் எங்கேயும் போகவில்லை, என் பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று பதில் சொன்னாள். அவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். திருவிழா நடந்த நாளெல்லாம் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள். தொண்டை கட்டிவிட்டது.

கடைசி நாள் பின்னேரம் அவளுக்குக் குரலே வரவில்லை. கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. குழந்தைகளோடு, சாமான் பைகளோடு பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முருகையா எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். முழுகிய நாளிலிருந்து வாயில் எடுக்காத அந்தப் பெயரை, மலையில் கூப்பிடுகிற சத்தத்தில் கூப்பிட்டார்.

“தவமணி! அம்மா தவமணி!”

பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் தவமணி இல்லை.